செய்தி வாசிப்பவரின் உதடும் குரலும் சேரவில்லை: ரிசீவரில் டிலே எவ்வளவு வைப்பது?

கேட்டவர்: மதுரை ஹால்
செட்டாப் பாக்ஸை, ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவரில் கொடுத்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு எடுத்திருக்கிறேன். செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்குமுன்பே குரல் வந்தது. ரிசீவரில் ஆடியோ டிலே (ஒலியைத் தாமதிக்கும் அளவு) 120 மில்லி விநாடி வைத்ததும் சரியானது. ஆனால் டிவியிலேயே இருக்கும் யூடியூபைப் போட்டால் இப்போது குரல் பின்தங்குகிறது. அம்மாவுக்குக் காது மந்தம்; உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார். என்ன செய்யலாம்?

பதில்: சவுண்ட் பிரியன்
டிவியில மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவு வழவழன்னு தெரிய நடுநடுவே படம் சேர்க்கிற வசதி) ஆஃப் பண்ணுங்க. படத்தைப் பிடிச்சு வைக்கிறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு.

பதில்: பழைய ஆபரேட்டர்
தியேட்டரில் 35 எம்எம் புரொஜக்டர் ஓட்டியவன் நான். ஃபிலிமில் ஒலி, தன் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். படத்தின் மீது ஒளி பாயும் கேட்டில் ஃபிலிம் நின்று நின்று நகரும். ஒலியைப் படிக்கும் ஒலித்தலையில் அது சீராக ஓடியாக வேண்டும். நடுவில் தளர்வாக விடும் லூப்பின் (வளைவின்) அளவு மாறினால் வசனம் விலகிவிடும். அதனால் ஃபிலிம் மாட்டும்போதே லூப்பைச் சரிபார்ப்போம்.

உங்கள் வீட்டிலும் பாதை இரண்டு. பாக்ஸின் ஒலி ரிசீவரோடு நின்றுவிடுகிறது, படம் மட்டும் டிவிக்குள் போய் மெருகேறித் தாமதமாக வருகிறது. யூடியூபில் நிலைமை தலைகீழ். படம் டிவியிலேயே இருக்க, ஒலிதான் ஏஆர்சி (அதே எச்டிஎம்ஐ கேபிளில் டிவியின் ஒலி ரிசீவருக்குத் திரும்பும் வழி) வழியாக வெளியே வந்து ரிசீவரில் டீகோட் ஆகிறது, அதாவது சுருக்கிய ஒலி விரிக்கப்படுகிறது. அதன்மேல் 120 ஏற்றினால் பின்தங்கத்தான் செய்யும். ரிசீவரால் ஒலியை நிறுத்தி வைக்க முடியும், முன்னால் தள்ள முடியாது. பல ரிசீவர்களில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி டிலே வைக்கலாம். டிவி இன்புட்டுக்கு 0 வையுங்கள். பிறகும் பின்தங்கினால் டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டைப் பிசிஎம்முக்கு (சுருக்காத ஒலிக்கு) மாற்றுங்கள். அப்போது ஏஆர்சியில் ஸ்டீரியோதான் வரும். பேச்சுக்கு அது தாராளம்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் 125 வரை தெரியாது. திருவிழா வாணவேடிக்கையில் வெளிச்சத்துக்குப் பிறகே சத்தம் கேட்டுப் பழகிய காது நமக்கு. ஆனால் உதட்டைப் படிப்பவருக்கு அந்த 125-ஐ நம்பி விட்டுவிடாதீர்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ப, ம வரும் சொற்களில் உதடு மூடும் கணத்தைப் பார்த்து அளவு வையுங்கள். நேரலைச் செய்தியில் முகம் பெரிதாகத் தெரியும்போது பாருங்கள். டப்பிங் சீரியல் இதற்கு உதவவே உதவாது.

கேட்டவர்: மதுரை ஹால்
நன்றி ஐயா. டிவி இன்புட் 0, பிசிஎம் வைத்ததும் யூடியூப் சேர்ந்துவிட்டது. ஸ்மூத்திங்கை நிறுத்தியதும் பாக்ஸுக்கு 120 அதிகமாகிவிட்டது, 60-க்கு இறக்கியிருக்கிறேன். பென் டிரைவில் ஒரு படம் மட்டும் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகுகிறதே?

பதில்: பழைய ஆபரேட்டர்
அது ஃபைலின் கோளாறாகத்தான் இருக்கும். ஒலியின் வேகமும் படத்தின் வேகமும் வேறாகியிருக்கும். டிலேயால் தீராது, வேறு பிரதி பாருங்கள். அந்தப் படத்துக்காக 60-ஐ மாற்றிவிடாதீர்கள்.