கல்லில் இருக்கும் பெயர்களும் கல்லில் ஏறாத பெயர்களும்: போர் நினைவிடங்களில் நாங்கள் கண்டவை

போரூர், சென்னை

போரில் இறந்தவர்களின் நினைவிடங்களுக்குப் போய்வந்தவர்களும் அவர்களுடைய குடும்பங்களோடு பழகியவர்களும் இங்கே எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

நந்தம்பாக்கத்தில் மவுண்ட் பூந்தமல்லி சாலையை ஒட்டி ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. அவ்வழியே பஸ்ஸில் போகிறவர்களில் பலர் அதைப் பூங்கா என்றே நினைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த வீரர்கள் பல ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். அங்கெல்லாம் நெடுங்காலம் பராமரிக்க ஆள் இருக்காது என்பதால், 1952இல் இந்த இடத்தை உருவாக்கி அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 850க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்து, இந்தியாவின் வேறு ஊர்களில் பேண முடியாத கல்லறைகளில் கிடக்கும் 1,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னமும் அங்கேயே உள்ளது.

அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல்தான். முதல் உலகப் போர்க் காலத்திலேயே இதைக் கொள்கையாக வைத்துவிட்டார்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. சில கற்களின் அடியில் குடும்பத்தார் கேட்டு எழுதச் சொன்ன ஒரு வரி. அங்கே போனால் வயதைப் படியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு வரிசை முழுவதும் படித்துக்கொண்டே வந்தான். பாதியில் நின்று, "அம்மா, இவர்களில் பலர் என்னைவிடச் சின்னவர்கள்" என்றான். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை அவன் பேசவில்லை.

அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்களா என்று கேட்டேன். "வருவார்கள் அம்மா. வருகிறவர்கள் யாரும் இங்கே எத்தனை பேர் என்று கேட்பதில்லை. ஒருவரைத் தேடித்தான் வருகிறார்கள். அவர் கல்லைக் காட்டிவிட்டால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்

அம்மா எழுதியதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பகுதியில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. 1914இல் தொடங்கிய போருக்கு நம் கிராமங்களிலிருந்து போனவர்களுக்காக வெள்ளைக்கார அரசு ஊர்தோறும் கல் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான். யார் போனார்கள், யார் திரும்பவில்லை என்று அந்தக் கல்லைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அந்தப் போரில் இறந்த இந்திய வீரர்கள் 70,000க்கும் மேல். பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற ஊரில் கல்லறை கிடைக்காத இந்திய வீரர்கள் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஏழு கடல் தாண்டிய ஊரில் பெயர் இருக்கிறது, பெற்ற ஊரில் எண் இருக்கிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

நான் பணியில் இருந்தபோது, எங்கள் யூனிட்டில் இறந்த ஒரு தம்பியின் உடலோடு அவன் ஊருக்குப் போனேன். தேசியக் கொடி போர்த்தி, துப்பாக்கி மரியாதை கொடுத்து, பிகிள் ஊதி எல்லாம் முறைப்படி நடந்தது. அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், டி.வி.யிலும் காட்டுவார்கள். காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். சில வாரங்கள் கழித்து அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை வீட்டில் ஒப்படைக்க மறுபடி என்னையே அனுப்பினார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் உண்டு, சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. "சத்தமாகப் படியுங்கள் ஐயா, இவளும் கேட்கட்டும்" என்றார். படித்தேன். கம்பளிச் சட்டை ஒன்று. சவரப் பெட்டி ஒன்று. முருகன் படம் ஒன்று. கைக்கடிகாரம் ஒன்று, ஓடவில்லை. எழுதாத இன்லண்ட் கடிதங்கள் நான்கு. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அந்த அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். கடைசிப் பொருள் முடிந்த பிறகும் அவர் கை நீண்டே இருந்தது. அப்பா மைதடவிப் பெருவிரலை வைத்தார். எத்தனையோ பனிமலைகளில் காவல் நின்றிருக்கிறேன், அந்தத் திண்ணையில் உட்கார்ந்த நேரத்தைப் போல எதுவும் என்னை வாட்டியதில்லை.

2019 பிப்ரவரியில் டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறந்தார்கள். விடுதலைக்குப் பிறகு உயிர்கொடுத்தவர்களின் பெயர்கள், 25,000க்கும் மேல், வட்டச் சுவர்களில் ஒவ்வொரு கல்லிலும் ஒருவராகப் பதித்திருக்கிறார்கள். நான் சொன்ன அந்தத் தம்பியின் பெயரும் அங்கே இருக்கிறது. அவன் பெற்றோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. நான் பார்த்தேன்.

தமிழாசிரியை, ஈப்போ, மலேசியா

ஐயா, நீங்கள் படித்த பட்டியலைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு பெட்டிகூட வரவில்லை. எங்களவர் படைவீரரும் இல்லை. ஆனாலும் அவரைப் பற்றி இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவேன் என்று தெரியவில்லை.

என் பாட்டியின் அண்ணன் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரர் காலத்தில், 1943இல், மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் என்று சொல்லி ரயிலேற்றிச் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, கொண்டுபோனார்கள். அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேலைக்கு. 1943 அக்டோபரில் அதை முடித்தார்கள். போர்க்கைதிகள் மட்டுமே 60,000க்கு மேல் வேலை செய்து, 12,000க்கு மேல் இறந்தார்கள். எங்கள் தோட்டத்து மக்களும் பர்மியரும் ஜாவாக்காரரும் அதைவிடப் பல மடங்கு மாண்டார்கள். காலரா வந்தால் பார்க்க டாக்டர் இல்லை.

தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரிப் போர்க் கல்லறைக்கு என் கணவரோடும் பிள்ளைகளோடும் போயிருந்தேன். 6,900க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். புல் ஒழுங்காக வெட்டியிருந்தது, ஒவ்வொரு பெயர்ப்பலகையும் துடைத்தாற்போல் இருந்தது. எனக்குப் பொறாமை வரவில்லை. அந்தப் பிள்ளைகளும் பசியிலும் அடியிலும் செத்தவர்கள்தாம். ஆனால் அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், யார் எந்த நாளில் இறந்தார் என்று ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் காட்டுக்குள் கல்லறைகளைத் தேடினார்கள். எங்கள் ஆட்களை யாரும் எழுதவில்லை. 1990இல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதில் எங்கள் பெரியவர் இருந்தாரா? யாரைப் போய்க் கேட்பது?

அவர் மனைவியை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. செத்த செய்தி வராமல் எப்படி அழிப்பேன் என்பாராம். அந்தப் பாட்டி இறந்த பிறகுதான் குடும்பத்தில் அந்தப் பெரியவருக்குப் படைக்கத் தொடங்கினார்கள், அதுவும் திதி தெரியாததால் மகாளய அமாவாசையில். இப்போது காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில், தாய்லாந்துத் தமிழர்கள் முயன்று நம் ஆட்களுக்காக நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது அங்கே படைக்கப் போகிறேன்.

செங்கம் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம்

நடுகல் என்று சகோதரி எழுதியதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் ஆயிரம் ஆண்டுக்கும் முந்திய நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று பெயரோடும் செயலோடும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாத எங்கள் பாட்டனார் அவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டார், நாங்களும் கும்பிடுகிறோம். ஊருக்காக ஒரு கூலிக்காரனும் செத்திருக்கலாம், அரசனின் ஆளும் செத்திருக்கலாம், பொங்கல் வைக்கும்போது நாங்கள் கேட்பதில்லை. சகோதரி, உங்கள் பெரியவரின் பெயரைச் சொன்னால் இங்கேயும் ஒரு படையல் வைப்போம்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் மாவட்டம்

செங்கத்துத் தம்பி சொன்னதை எங்கள் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். ஊர்க் கல்லில் எண்ணாக மட்டும் இருப்பவர்களின் பெயர்களைத் தேடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு வீடுகளில் பழைய பென்ஷன் தாள்கள் கிடைத்திருக்கின்றன, ஒரு வீட்டில் பெயர் பொறித்த வெண்கலப் பதக்கம். நந்தம்பாக்கம் போன்ற போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரை வைத்தும் படைப்பிரிவை வைத்தும் தேடலாம் என்று என் பேரன் காட்டினான். பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கிறது, முனுசாமியை நான்கைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். உங்களில் யார் வீட்டிலாவது முதல் போருக்குப் போன கொள்ளுத் தாத்தாவின் பதக்கம் இருந்தால், அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே வெட்டியிருக்கும். அதை எழுதி அனுப்புங்கள்.