மாஸ்க்கில் பிரஷ் ஓடுகிறது, ஆனால் ஒன்றும் மறையவில்லை

நிழல்தேடி:
வணக்கம். ஃபோட்டோஷாப்பில் ஒரு உருவப்படத்தின் பின்னணியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் சப்ஜெக்ட் போட்டு, அந்தத் தேர்விலிருந்தே லேயர் மாஸ்க் எடுத்தேன் (அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை இடம் தெரியும்). தோள் பக்கம் பழைய சுவர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கறுப்பு பிரஷால் மறைக்கலாம் என்று தேய்த்தால் ஒன்றும் ஆகவில்லை. பிரஷின் ஒப்பாசிட்டி (அடர்த்தி) 100, ஃப்ளோ (நிறம் பாயும் அளவு) 100. நேற்று ஒழுங்காக வேலை செய்த பிரஷ்தான். மென்பொருளை மூடித் திறந்தும் பார்த்துவிட்டேன், அதே கதை.

மைப்புள்ளி:
லேயர் பட்டியலில் மாஸ்க் தம்ப்நெயிலை (மாஸ்க்கின் சிறு படத்தை) சொடுக்கிவிட்டுத்தான் தேய்க்கிறீர்களா? அதைச் சுற்றிச் சட்டம் தெரிய வேண்டும். எங்காவது ஒரு செலக்‌ஷன் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தாலும் இப்படி ஆகும். கண்ட்ரோல் டி அழுத்தித் தேர்வை நீக்கிப் பாருங்கள்.

நிழல்தேடி:
மாஸ்க்கில்தான் இருக்கிறேன். கண்ட்ரோல் டி அழுத்தியும் மாற்றமில்லை. ஒரு விசித்திரம்: முடி ஓரத்தில் தேய்த்தால் மட்டும் மறைகிறது!

பழையகர்சர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நண்பரே! உங்கள் பிரஷ் ஓவர்லே மோடில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேலே ஒப்பாசிட்டிக்குப் பக்கத்தில் மோட் என்று இருக்கும், பாருங்கள்; பூசும் நிறம் கீழே உள்ளதோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்வது அது.

ஓவர்லே சாம்பல் நிறத்தை மட்டுமே மாற்றும். முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் அதற்கு அசையாது. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் தம்ப்நெயிலைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். தோள் பக்கம் சுத்த வெள்ளையாகவும் முடி ஓரம் சாம்பலாகவும் இருக்கும். அதனால்தான் அங்கே மட்டும் வேலை செய்கிறது. பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட், ஆல்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், நார்மலுக்குத் திரும்பிவிடும். மூடித் திறந்தாலும் பிரஷ் தன் பழைய அமைப்பை மறக்காது, அதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது.

நிழல்தேடி:
ஓவர்லேதான்! முடி ஓரத்தைச் சுத்தம் செய்ய நேற்று நானே மாற்றிவிட்டு, மறந்துபோயிருக்கிறேன். மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம்: இப்போது தோள் பக்கச் சுவர் மறைகிறது, ஆனால் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. ஓரத்தில் மெல்லிய வெளிர் கோடு வேறு.

பழையகர்சர்:
ஹார்ட்னஸ் (பிரஷ் விளிம்பின் கூர்மை) 100 வைத்திருப்பீர்கள். முழுக்க மென்மையான பிரஷும் வேண்டாம், தோளைச் சுற்றிப் புகை மாதிரி ஆகிவிடும். படத்தில் தோள் விளிம்பு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான் பிரஷும் இருக்க வேண்டும். அந்த வெளிர் கோடு, சுவரின் நிறம் விளிம்புப் பிக்சல்களில் கலந்திருப்பதால் வருவது. மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே தள்ளினால் போய்விடும்.

மைப்புள்ளி:
ஃப்ளோவையும் 15 அளவுக்குக் குறையுங்கள். ஒரே இழுப்பில் மறைக்காமல் மெல்ல மெல்ல ஏற்றலாம். ஒப்பாசிட்டியைக் குறைத்தால் அப்படி வராது, கையை எடுக்கும்வரை அந்த அளவைத் தாண்டாது. நானும் ரொம்ப நாள் இரண்டையும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

நிழல்தேடி:
கோடு போய்விட்டது. ஆர்வத்தில் காது மடலையும் கொஞ்சம் அழித்துவிட்டேன். எக்ஸ் அழுத்தி வெள்ளைக்கு மாறி, இப்போது காதை மீட்டுக்கொண்டிருக்கிறேன்.