மூடி வைத்த கம்ப்யூட்டரை வேறு யாராவது திறந்த அனுபவம் உண்டா?

செவ்வாய்ப்பேட்டை கணக்குப்பிள்ளை:
வெள்ளிக் கொலுசு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். எங்கள் தொழிலில் ரகசியம் என்றால் எந்தப் பார்ட்டிக்கு என்ன டச் (வெள்ளியின் தரம்), என்ன கூலி என்ற பட்டியல்தான். முதலாளி டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்தபடியே லேப்டாப்பைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவார். சாத்தினால் பூட்டியது மாதிரி என்பது அவர் நினைப்பு.

ஒரு மதியம் உள்ளூர்ப் பார்ட்டி ஒருவர் கல்லாப் பக்கம் காத்திருந்தார். நான் உள்ளே எடை போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் போன் வருகிறது: "மதுரைக்காரருக்கு மட்டும் கூலி கம்மியாமே?" எவ்வளவு கம்மி என்பதையும் ரூபாய் சுத்தமாகச் சொன்னார். பழைய பழக்கம், 'எப்படித் தெரியும்' என்று கேட்கவா முடியும்? அதே கூலியை அவருக்கும் போட்டுக் கொடுத்தார் முதலாளி.

அன்று சாயங்காலமே செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போய்ப் பார்த்தேன். ஸ்லீப்பிலிருந்து, அதாவது சாத்தியதும் கம்ப்யூட்டர் போகும் தூக்க நிலையிலிருந்து, எழும்போது பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா என்ற இடத்தில் 'நெவர்' என்று இருந்தது. அதைவிடக் கூத்து, அந்த அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்டே கிடையாது! அது இல்லாமல் இந்தச் செட்டிங்கை எப்படி வைத்தாலும் பயனில்லை. இப்போது பின் நம்பர் வைத்தாயிற்று. அதுவும் கடை போனின் கடைசி நான்கு எண்கள். வாசல் போர்டிலேயே இருக்கிறது. மாற்றச் சொல்லி மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்காடு ஹோம்ஸ்டே:
கணக்கு அண்ணா, உங்களுக்குக் கூலி போச்சு, எங்களுக்கு மானம் போச்சு. கோடை விழாக் கூட்டம். ரிசப்ஷனில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு குட்டிப் பையன் மவுஸை ஆட்டிவிட்டான். திரையில் வரிசையாக ஆதார் நகல்கள். "எங்களுடையதும் இப்படித்தான் கிடக்குமா?" என்று அவன் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும். அந்தப் பாஸ்போர்ட் நகலும் அதே ஃபோல்டரில்தான் இருந்தது.

பாஸ்வேர்டு போட்டதும் டெஸ்க் பையன்கள் இரண்டு பேரும் அதை எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். சரி என்று ஆளுக்கொரு அக்கவுண்ட், ஆளுக்கொரு பின். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயும் எல்-லும் சேர்த்து அழுத்தினால் உடனே பூட்டிக்கொள்ளும். அது பழகிவிட்டது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்லீப்பில் திறந்திருக்கும் வேலையெல்லாம் ராமில்தான், அதாவது கரண்ட் இருக்கும்வரை மட்டுமே தாங்கும் நினைவகத்தில்தான், நிற்கும். இங்கே இடி இடித்தால் கரண்ட் போகும், யுபிஎஸ் தாங்காவிட்டால் எல்லாம் போகும். அதனால் ஹைபர்னேட்டுக்கு மாற்றிவிட்டேன். அது டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. எழுந்தால் பாஸ்வேர்டும் கேட்கிறது.

ஐந்து ரோடு பழைய நெட் சென்டர்:
விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த ஸ்லீப்புக்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் எழும்போது பாஸ்வேர்டு கேட்க ஒரு டிக் பெட்டி, அவ்வளவுதான். எங்கள் கடையில் அதை யாரும் தொட்டதில்லை. முன்னால் உட்கார்ந்தவரின் மெயிலை அடுத்தவர் படித்துவிட்டுச் சிரித்த கதை நிறைய உண்டு, இங்கே எழுத முடியாது.

அம்மாபேட்டை:
நான் எதிர்க்கட்சி. அப்பாவுக்குக் கண் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தட்டச் சொன்னால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்கிறார். அவருக்குப் பாஸ்வேர்டு இல்லாமல் தனி அக்கவுண்ட், அட்மின் உரிமை கிடையாது. என் அக்கவுண்ட் பூட்டியே இருக்கும்.

சர்வீஸ் கடைக்காரன்:
எல்லாரும் சொல்வது சரி, ஆனால் அது எட்டிப் பார்ப்பவருக்குப் போட்ட பூட்டு. பாஸ்வேர்டு மறந்துபோய் என்னிடம் வரும் லேப்டாப்பின் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால், என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டுவது) இல்லாத பட்சத்தில் ஃபைலெல்லாம் திறக்கிறது. திருடனுக்கும் அதே வழிதான். விண்டோஸ் ப்ரோவில் அதற்குப் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் என்றால், மெஷின் ஏற்றுக்கொண்டால், டிவைஸ் என்கிரிப்ஷன். போடும் முன் ரெக்கவரி கீயை, அதாவது பூட்டிக்கொண்டால் திறக்கும் அவசர எண்ணை, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதைத் தொலைத்துவிட்டு வந்தால் நானும் கையை விரிக்க வேண்டியதுதான்.