பெரிய மேப், ஆயிரக்கணக்குல யூனிட்: இந்த மாதிரி ஸ்ட்ராடஜி கேம் உங்களை ஏன் பிடிச்சு வச்சிருக்கு? அனுபவம் சொல்லுங்க

தகடூர்_தளபதி (தருமபுரி)

வணக்கம் மக்களே. நம்ம தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ரீ ஃபயர் ஆடுற பசங்க தெருவுக்கு பத்து பேர் கிடைப்பாங்க, ரியல் டைம் ஸ்ட்ராடஜி, அதாவது முறை வச்சு ஆடாம எல்லாரும் ஒரே நேரத்துல தளம் கட்டிப் படை நடத்துற கேம், அதை ஆடுற ஆளைத் தேடித்தான் பிடிக்கணும். இருக்கிற கொஞ்ச பேரும் ஒரு தடவை மனசு விட்டுப் பேசலாம்னுதான் இதை ஆரம்பிக்கிறேன். நான் கேக்குறது சின்ன சண்டை கேமைப் பத்தி இல்ல, ஒரே மேப்ல ஆயிரக்கணக்குல யூனிட் (டாங்கி, கப்பல், விமானம் மாதிரி நாம நகர்த்துறது) நகருது, ஒரு மேட்ச் ஒரு மணி நேரம் இழுக்குது, தரை கடல் வானம் மூணும் ஒண்ணா ஓடுது, அந்த ரகம். டோட்டல் அன்னிஹிலேஷன், சுப்ரீம் கமாண்டர், இப்போ பியாண்ட் ஆல் ரீசன்.

எனக்கு இது ஒட்டிக்கிட்டது சுப்ரீம் கமாண்டர்ல. 2007ல வந்த கேம், அதுக்கு பத்து வருஷம் முன்னாடி டோட்டல் அன்னிஹிலேஷன் பண்ணின அதே கிறிஸ் டெய்லர்தான் இதையும் பண்ணாரு. பெங்களூர்ல வேலை பாத்த மாமா பையன் லீவுக்கு வந்தப்போ கம்ப்யூட்டரையே தூக்கிட்டு வந்திருந்தான். ஸ்கிரீன்ல ஒரே ஒரு டாங்கி மலை ஓரமா போய்க்கிட்டு இருக்கு, சக்கரம் மண்ணுல உருள்றது வரைக்கும் தெரியுது. அவன் மவுஸ் வீலை மெதுவா பின்னாடி உருட்டுனான். டாங்கி சின்னதாச்சு, பக்கத்துல இன்னும் முப்பது டாங்கி இருக்கிறது தெரிஞ்சுது, அப்புறம் அதெல்லாம் சின்னச் சின்ன ஐகானா மாறிடுச்சு, அப்புறம் ஆறு, கடல், அந்தக் கரையில எதிரியோட தளம், கடைசில மொத்த மேப்பும் ஒரே ஸ்கிரீன்ல. அந்த கேம்ல பெரிய மேப் 81 கிலோமீட்டருக்கு 81 கிலோமீட்டர். வாயைப் பொளந்துட்டு நின்னேன்.

ஆனா ஸூம் பாத்ததுல வந்த பிரமிப்பு ஒரு வாரத்துல போயிடும், அதுக்கப்புறமும் ஏன் ஆடுறோம்? என்னைக் கேட்டா, எப்பவோ எடுத்த முடிவு இப்போ வந்து சேர்றதைக் கண்ணால பாக்குறதுதான் இதுல இருக்கிற சுகம். பத்தாவது நிமிஷத்துல "கடல் பக்கம் ஒரு ஃபேக்டரி போடுவோம்"னு நினைச்சது முப்பதாவது நிமிஷத்துல கப்பல் கூட்டமா எதிரி கரையில போய் நிக்கும். வேற எந்த கேமும் எனக்கு அந்த நீளத்தைத் தரல. உங்களுக்கு எப்படி?

ஓசூர்_நைட்_ஷிப்ட்

தலைவா சரியான இடத்துல கை வச்சீங்க. நான் ஃபேக்டரி வேலை, ஷிப்ட் முடிஞ்சு வந்து ஒரு மேட்ச் ஆடினாத்தான் தூக்கமே வரும். நான் ஆடுறது பியாண்ட் ஆல் ரீசன், 8க்கு 8, அதாவது பக்கத்துக்கு எட்டு பேர். இலவச கேம், ஓப்பன் சோர்ஸ், டோட்டல் அன்னிஹிலேஷன் ரசிகர்கள் வழி வழியா வளர்த்துக் கொண்டு வந்தது.

எனக்குப் பிடிச்சது இதோட பொருளாதாரம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல ஒரு ஆளை உருவாக்கணும்னா முதல்லயே மொத்த விலையும் கழிஞ்சிடும், காசு இல்லைன்னா பட்டனே வேலை செய்யாது. இதுல அப்படி இல்ல, மெட்டலும் எனர்ஜியும் ஒரு செகண்டுக்கு இவ்வளவுன்னு உள்ள வருது, கட்டக் கட்ட அதே மாதிரி வெளிய போகுது. கையில இருக்கிறதுக்கு மேல வேலையை இழுத்து விட்டுட்டா எதுவும் நிக்காது, ஆனா எல்லாமே ஒண்ணா ஸ்லோ ஆயிடும், ஃபேக்டரி ஊர்ந்து போகும், எனர்ஜி காலியானா ரேடார் கூட படுத்துடும். சேர்த்து வச்சா நிரம்பி வழிஞ்சு டீம் ஆளுங்களுக்குப் போகும், அவங்களுக்கும் நிரம்பிட்டா வீண்தான். அதனால வரவும் செலவும் ஒட்டி ஒட்டிப் போற அந்தக் கோட்டுல நிக்கணும், அது கை வந்துருச்சுன்னா சண்டையே போடாம உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கலாம் போல இருக்கும்.

ஒரு மேட்ச் சொல்றேன். நான் பின்னாடி இடம், அதாவது முன்னணியில ஆறேழு பேர் அடி வாங்கிட்டு இருப்பாங்க, நான் பின்னாடி உக்காந்து டெக் 2ன்னு சொல்ற அடுத்த தொழில்நுட்ப படிக்கு ஏறி, அந்த பெரிய கட்டுமான வண்டியை ஆளுக்கு ஒண்ணு கொடுக்கணும். அது கிடைச்சாத்தான் அவங்க மெட்டல் எடுக்குற இடம் நாலு மடங்கு தரும். முன்னாடி நிக்கிறவன் ஒருத்தன், எந்த ஊர்னு தெரியாது, இங்கிலீஷ்ல கத்துறான், "எங்கடா வண்டி எங்கடா வண்டி"ன்னு. அவன் லைன் மூணு தடவை உடையுது, மூணு தடவையும் விழுந்து கிடக்கிற இரும்பை உறிஞ்சி எடுத்து அதுலயே மறுபடி டவர் போட்டு நிக்கிறான். நான் குடுத்த வண்டி அவன் கிட்ட போய்ச் சேர ரெண்டு நிமிஷம் ஆச்சு, மேப்ல அது மெதுவா நகர்றதைப் பாத்துக்கிட்டே இருந்தேன், வழியில ஒரு பாம்பர் வந்தது, எங்க டீம் ஃபைட்டர் சரியா அந்த நேரத்துல மேல வந்து தட்டுச்சு. வண்டி சேர்ந்ததும் அவன் ஒரே ஒரு வார்த்தை "தேங்க்ஸ்". நாங்க ஜெயிச்சோம். அன்னைக்கு நான் எதிரியோட ஒரு யூனிட்டைக்கூட சுடல, ஆனா அந்த ஜெயிப்பு என்னோடது, யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன்.

சூளகிரி_புதுசு

அண்ணா ஒரு டவுட், ஆயிரம் யூனிட்டை எப்படி ஒரு ஆள் கண்ட்ரோல் பண்ண முடியும்? வீடியோ பாத்தாலே தலை சுத்துது. விரல் வேகம் வேணுமா?

ஓசூர்_நைட்_ஷிப்ட்

தம்பி, ஸ்டார்கிராஃப்ட் மாதிரி நிமிஷத்துக்கு 300 கிளிக் எல்லாம் தேவையே இல்ல. ஃபேக்டரிக்கு ரிப்பீட் போட்டா அது பாட்டுக்கு உருவாக்கிக்கிட்டே இருக்கும். ஷிப்டை அழுத்திக்கிட்டே இங்க போ, அப்புறம் அங்க கட்டு, அப்புறம் ரோந்து போன்னு வரிசையா சொல்லி விட்டுடலாம். நூறு யூனிட்டை செலக்ட் பண்ணி மவுஸால ஒரு கோடு இழுத்தா அந்தக் கோட்டுல வரிசையா நிக்கும். விரலை விட கவனம்தான் காசு இங்க. எந்த நேரத்துல எங்க பாக்கணும், எதைப் பாக்காம விடலாம்னு தெரியணும், அவ்வளவுதான்.

மாந்தோப்பு_ராணி (பாலக்கோடு)

நான் ரோபோ கேம் ஆள் இல்ல, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. நீங்க சொல்ற ஸ்கேல்ல இது சின்னதுதான், சாதாரணமா ஆளுக்கு 200 பேர், ஆனா 4க்கு 4 ஆடும்போது 1600 பேர் மேப்ல இருக்காங்க, அது எனக்குப் போதும்.

2022 ஏப்ரல்ல அந்த கேம்ல நாம எடுத்து ஆடுற அணியா திராவிடர் நாகரிகம் வந்தப்போதான் நான் திரும்ப உள்ள வந்தேன். கிராமத்து ஆளைக் கிளிக் பண்ணினா தமிழ்ல பதில் சொல்றாங்க, முதல் தடவை கேட்டப்போ எங்க அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ராஜேந்திர சோழன் கேம்பெயின், உறுமி வாள் வீரன், திரிசடை கப்பல்னு எல்லாம் இருக்கு. குதிரைப்படை ரொம்ப வீக், ஆனா காலாட்படையும் கடலும் செம. அதுல ஊட்ஸ் ஸ்டீல்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதை முடிச்சுட்டா நம்ம காலாட்படை, குதிரைப்படை அடி எதிரியோட கவசத்தைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஊட்ஸ்னா நம்ம தென்னிந்தியாவுல மூசையில வச்சு உருக்கின உருக்குதானே. அது வந்து அடுத்த மாசமே, 2022 மே, கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்பு கி.மு. 2172ன்னு சட்டசபையில அறிவிச்சாங்க. காலையில அந்த நியூஸைப் படிச்சுட்டு ராத்திரி கேம்ல அந்த பட்டனை அழுத்தினப்போ உடம்பு சிலிர்த்துச்சு எனக்கு.

தளபதி அண்ணா சொன்ன "எப்பவோ எடுத்த முடிவு" விஷயம், அதுக்கு வர்றேன். எங்க வீட்டுல தக்காளி. நாத்து நடும்போது மார்க்கெட்ல என்ன ரேட்டுங்கிறது முக்கியமே இல்ல, ரெண்டு மாசம் கழிச்சு பறிக்கும்போது என்ன ரேட்டுங்கிறதுதான் முக்கியம், அதை யாராலும் முன்கூட்டி சொல்ல முடியாது. சின்ன வயசுல இருந்து அப்பா அந்தக் கணக்கு போடுறதைப் பாத்து வளந்தவ நான். கேம்ல நான் ஆறாவது நிமிஷத்துல எத்தனை பேரை விறகுக்கு அனுப்புறேங்கிறதுதான் இருபதாவது நிமிஷத்துல எனக்கு எத்தனை வில்லாளின்னு முடிவு பண்ணுது, நடுவுல எதிரி என்ன பண்ணுவான்னு தெரியாது. ஆனா வயல்ல தப்பிப்போனா ஒரு சீசன் போச்சு. இங்க அடுத்த மேட்ச் உண்டு. அந்த மறு வாய்ப்புக்காகவே ஆடுறேன்னு கூட சொல்லலாம்.

இன்னொண்ணு, பொண்ணுங்க இந்த மாதிரி கேம் ஆட மாட்டாங்கன்னு நினைக்கிறவங்க நிறைய. என்னோட ஆடுற குரூப்ல நாங்க மூணு பேர் பொண்ணுங்க. வீட்டு வரவு செலவு, வேலை ஆளு கணக்கு, எல்லாம் தலையில ஓட்டுறவங்களுக்கு இது இயல்பாவே வரும்.

பர்கூர்_ஹாஸ்டல்

எல்லாரும் பொருளாதாரம் பொருளாதாரம்னு பேசுறீங்க, யாராவது ஒருத்தராவது வெடிக்கிறது பிடிக்கும்னு சொல்லுங்கப்பா!

நான் சொல்றேன். சுப்ரீம் கமாண்டரோட அடுத்த பாகம் மாதிரி வந்த ஃபோர்ஜ்டு அலையன்ஸ், ஹாஸ்டல்ல கம்ப்யூட்டர்களை லேன் கேபிளால இணைச்சு ஆடினோம். அதுல சைப்ரன்ங்கிற அணிக்கு மங்கிலார்டுன்னு ஒரு பெரிய சிலந்தி ரோபோ, ஆறு கால், நடுவுல லேசர். ஒருத்தன் அதைக் கட்ட ஆரம்பிச்சா அந்த ரூம்ல இருக்கிறவன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடலாம், பேச்சு குறைஞ்சிடும். அதுக்கு ரேடார்ல தெரியாத சக்தி வேற, அதனால கண்ணு வைக்க ஸ்கவுட் அனுப்பிக்கிட்டே இருக்கணும். ஒரு ராத்திரி அது காட்டுக்குள்ள நடந்து வந்துச்சு, வழியில இருந்த மரமெல்லாம் சாயுது, என் டவர் வரிசை ஒவ்வொண்ணா காலி. என் பக்கத்து பெட்காரன் கடைசி நேரத்துல எல்லா பாம்பரையும் ஒண்ணா இறக்கினான், சிலந்தி கால் மடங்கி விழுந்துச்சு. அப்புறம்தான் கூத்தே, அது விழுந்த இடத்துல கிடக்கிற உடல்ல அவ்வளவு மாஸ் (அந்த கேம்ல எதையும் கட்டத் தேவையான பொருள்), அதை யார் முதல்ல உறிஞ்சுறாங்களோ அவங்களுக்குத்தான் அடுத்த பெரிய ரோபோ. செத்த சிலந்தி மேல ரெண்டு பக்க இன்ஜினியர் வண்டியும் பாய்ஞ்சு, அதைச் சுத்தி இன்னொரு சண்டை. ரூம்ல இருந்த எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம்.

அந்த பசங்க இப்போ ஒருத்தன் துபாய், ஒருத்தன் சென்னை, ஒருத்தன் காவேரிப்பட்டணத்துல கடை. கம்பெனி சர்வர் நின்னு போயும் ரசிகர்களே ஃபோர்ஜ்டு அலையன்ஸ் ஃபாரெவர்னு தனியா நடத்திக்கிட்டு இருக்காங்க, அதுலதான் நாங்க இன்னும் சந்திக்கிறோம். கல்யாணத்துக்கு வர முடியாதவன்கூட மேட்ச்சுக்கு வந்துடுறான். எனக்கு இதுல இருக்கிற ஆசைக்கு பாதிக் காரணம் அவனுங்கதான்.

காரிமங்கலம்_வாத்தியார்

பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிறவன், நானும் ஆடுறவன். நீங்க எல்லாரும் சொன்னதைப் படிச்சதும் ஒரு ஆராய்ச்சி ஞாபகம் வந்துச்சு. 2006ல ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கின்னு மூணு பேர், மனுஷன் ஏன் வீடியோ கேம் ஆடுறான்னு எழுதினாங்க. திறமை கூடுற உணர்வு, நாமளே முடிவு எடுக்கிற சுதந்திரம், மத்தவங்களோட ஒட்டுதல், இந்த மூணும் எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு கேம் பிடிக்குதுன்னு சொன்னாங்க. ஓசூர் தம்பி சொன்னது முதலாவது, பர்கூர் தம்பி சொன்னது மூணாவது. சுதந்திரம்னா, ஒரே மேப்ல ஒருத்தன் கடலைப் பிடிப்பான், ஒருத்தன் வானத்தை, ஒருத்தன் ஒளிஞ்சு உக்காந்து அணுகுண்டு செய்வான், மூணும் சரியான வழிதான்.

ஆனா பெரிய ஸ்கேல் கேமுக்குன்னு தனியா ஒண்ணு இருக்குன்னு நான் நம்புறேன், அது காத்திருக்கிறது. என் கிட்ட படிக்கிற பசங்க பதினஞ்சு செகண்ட் வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பாக்குறாங்க, அதே பசங்க ரெண்டு பேரை இதுல உக்கார வச்சேன், நிறைய எனர்ஜி தர்ற ஃப்யூஷன் ரியாக்டர் கட்டி முடியுற வரைக்கும் அசையாம அதைக் காப்பாத்திக்கிட்டு இருந்தாங்க. பொறுமை இல்லைன்னு அவங்களைத் திட்டுறோம், காத்திருந்தா கிடைக்கும்னு நம்புற மாதிரி ஒண்ணைக் கையில குடுத்தா காத்திருக்காங்க. இதை நான் ரொம்ப முக்கியமான விஷயமா நினைக்கிறேன்.

சூளகிரி_புதுசு

சார் சூப்பர். சரி எங்க ஆரம்பிக்கிறது? என் லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு சுமார்தான்.

தகடூர்_தளபதி (தருமபுரி)

வாத்தியார் ஐயா சொன்ன காத்திருப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. ராணி, அந்த தக்காளிக் கணக்கை எங்க அப்பா கிட்ட வாசிச்சுக் காட்டினேன், தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாரு.

புதுசு தம்பிக்கு: பியாண்ட் ஆல் ரீசன் இலவசம், அதையே இறக்கு, கிராபிக்ஸ் செட்டிங் குறைச்சு வச்சுக்கோ, சின்ன மேப்ல ஆரம்பி. முதல்ல கம்ப்யூட்டர் கூட மட்டும் ஆடு, மெட்டல் பார் காலியாகாமலும் வழியாமலும் பாத்துக்கிறதைத் தவிர வேற எதையும் கத்துக்க வேணாம். எடுத்ததும் 8க்கு 8 லாபிக்குள்ள (மேட்ச்சுக்கு ஆள் சேர்ற ஆன்லைன் அறை) போயிடாத, அங்க திட்டுவாங்க, மனசு விட்டுப் போயிடும். போகணும்னா ஆடாம வேடிக்கை பாக்குற ஆளா உள்ள போ, யார் என்ன பண்றாங்கன்னு மொத்த மேப்பும் தெரியும். தோத்த மேட்சோட ரீப்ளேயை அன்னைக்கே போட்டுப் பாரு, தளம் எரியுற இடத்தைப் பாக்காத, அதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி ஃபேக்டரி எதுவுமே செய்யாம சும்மா நின்ன இடத்தைத் தேடு.

சூளகிரி_புதுசு

இறக்க ஆரம்பிச்சுட்டேன் அண்ணா, எங்க ஏரியா நெட்டுக்கு ராத்திரி ஆயிடும். ஞாயித்துக்கிழமை யாராவது கூட ஆடுவீங்களா?

ஓசூர்_நைட்_ஷிப்ட்

எனக்கு அன்னைக்கு வீக் ஆஃப். 8 மணிக்கு மேல வா தம்பி, நாம ரெண்டு பேரும் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கம். பின்னாடி இடம் உனக்கு.