நாலுக்கும் ‘கவனக்குறைவு’தானா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

வழு, வழுக்கு, இழுக்கு பற்றிய உங்கள் இரண்டு மடல்களையும் படித்தேன். திங்கட்கிழமை வள்ளியூரில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வகுப்பு. அதற்குள் சிறு விபத்துப் படிவம் தமிழில் அச்சாக வேண்டும். அதில் நாலு வகைத் தவறுக்கும் தனித்தனிக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

ஒரு பிட்டர் மூன்றாம் வால்வை மூடப் போய், பக்கத்தில் அதே பச்சைப் பெயின்டில் இருந்த நாலாவதை மூடிவிட்டார். இன்னொருவர் போல்ட்டுகளை மாட்டிவிட்டு, கடைசியாக முறுக்க மறந்தார். அடுத்தவர், கேஜ் முள் பூஜ்யத்தில் நின்றதால் குழாயில் அழுத்தம் இல்லை என்று முடிவு கட்டினார், பழுது கேஜில். நாலாமவர் எப்போதும்போல் பெல்ட் இல்லாமல் சாரம் ஏறினார். பதிவேட்டில் நாலுக்கும் ஒரே காரணம்: கவனக்குறைவு.

உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் ஸ்லிப் (செய்கை தவறுவது), லாப்ஸ் (மறப்பது), மிஸ்டேக் (தவறாகக் கணிப்பது), வயலேஷன் (விதியை மீறுவது) என்று பிரித்தது இதைத்தான். பிட்டருக்கு மறுபடி பயிற்சி கொடுத்துப் பயனில்லை. வால்வுக்கு வேறு நிறம் அடிக்க வேண்டும். மறந்தவருக்குச் சரிபார்ப்புப் பட்டியல் வேண்டும். சொல் ஒன்றாகிவிட்டால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது.

ஸ்லிப்புக்கு நீங்கள் சொன்ன ‘வழுக்கு’ வேரளவில் பொருத்தம்தான். ஆனால் எண்ணெய் சிந்திய தரையில் கால் வழுக்கியதைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுவார்கள். ஆங்கிலத்தையே தமிழெழுத்தில் போடலாம் என்கிறார் அக்கா. ‘ஸ்லிப்’ என்றால் இங்கே சம்பளச் சீட்டு. ‘கைப்பிசகு’ எல்லோர் வாயிலும் இருக்கிறது.

லாப்ஸுக்கு நீங்கள் சொன்ன ‘பொச்சாப்பு’ (மறதி என்பதற்குக் குறளின் சொல்) எனக்கும் பிடித்த சொல். ஆனால் 531ஆம் குறள் சொல்வது உவகை மகிழ்ச்சியில் வரும் சோர்வை. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடிவில் வருவது வெறும் மறதி. மிஸ்டேக்குக்கு ‘கணிப்புப் பிழை’. அதில் யாருக்கும் மறுப்பில்லை.

பழகிப்போன மீறலுக்கு ‘வழுவமைதி’ என்றீர்களே, அதில்தான் இரண்டு நாளாக மனம் நிற்கிறது. இலக்கணத்தில் அதற்குப் பொருள், தவறுதான், ஆனாலும் எல்லோரும் ஏற்றுக்கொண்டது: அப்படியே பொருந்துகிறது. ஆனால் மாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் யாருக்கும் கேடில்லை, இலக்கணம் அமைத்துக்கொள்கிறது. சாரத்தில் பெல்ட் இல்லாததை நாம் அமைத்துக்கொள்ள முடியாது. ‘அமைதி’ என்ற சொல்லே அனுமதிபோல் ஆகிவிடும்.

பெரும்பாலோர் ‘வழக்க மீறல்’ என்கிறார்கள். ‘வழக்கம்’ என்பதிலும் அந்த அனுமதியின் வாடை எனக்கு அடிக்கிறது. சரி, ஞாயிறு மாலைவரை அந்தக் கட்டத்தைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வேறு சொல் வராவிட்டால் ‘வழக்க மீறல்’தான் அச்சுக்குப் போகும்.