சுங்கை சிப்புட்டில் நமக்குச் செய்தி சொல்வது யார்?

லயத்துக்காரன்

கோயில் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி சொன்னார்: "பத்திரிகை எல்லாம் விலைபோனது. நான் டிக்டாக் மட்டும்தான் பார்ப்பேன்." முதல் பாதியை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

1974 முதல் 2008 வரை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம்ம சுங்கை சிப்புட் தொகுதி எம்.பி. சாமிவேலு. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், அமைச்சர். அதில் நெடுங்காலம் தமிழ் நேசன் நாளிதழ் அவர் குடும்பத்தின் கையில். மலாய்க்காரர்களுக்கு உத்துசான். அது மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவின் பிடிக்குள் போகக்கூடாது என்று 1961-இல் சைட் சஹாரி தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், தடுக்க முடியவில்லை. சீனர்களின் கட்சியான ம.சீ.ச.வுக்கு ஸ்டார். ஆக, ஆளும் கூட்டணியில் ஆளுக்கொரு பத்திரிகை. டிவி3, நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பெரித்தா ஹரியான் மூன்றும் மீடியா பிரிமா என்ற ஒரே குழுமம். அதிலும் அம்னோவுக்குப் பங்கு இருந்தது.

பொய் எழுதினார்கள் என்பதல்ல என் குறை. எழுதாமல் விட்டதுதான். அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை எதைப் புரட்டினாலும் தலைவர் பிறந்தநாளுக்கு முழுப்பக்க வாழ்த்து இருக்கும். நடுவில் மாலையோடு படம், கீழே கிளைத் தலைவர்கள், குத்தகைக்காரர்கள் பெயர்வரிசை. தோட்டத்தில் தண்ணீர் வரவில்லை என்பது உள்பக்க மூலையில் நாலு வரி. எந்தத் தோட்டம், யார் நிர்வாகம் என்று இருக்காது. முதலாளி யார் என்று தெரியாமல் செய்தி படிக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்வது.

பால்வெட்டுப்பேரன்

அண்ணே, அவ்வளவு பத்திரிகையும் டிவியும் கையில் வைத்திருந்தும் 2008-இல் என்ன கிழித்தார்கள்?

2007 நவம்பர் 25, இந்தியர் உரிமைக்காகக் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி. சட்டவிரோதக் கூட்டம் என்றுதான் பெரிய ஊடகங்கள் பாடின. எங்க அப்பா இங்கிருந்து பஸ் ஏறிப் போனவர். கண்ணீர்ப்புகையில் வீங்கிய கண்ணோடு வீட்டுக்கு வந்த மனிதரைப் பார்த்த பிறகு, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பேப்பரை யார் நம்புவார்கள்? அடுத்த மார்ச் 8 பொதுத் தேர்தலில் சாமிவேலுவே இங்கே டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். இணையத்தைப் பொருட்படுத்தாமல் விட்டது பெரிய தவறு என்று பிரதமர் அப்துல்லா படாவியே பிறகு சொன்னார்.

ஜனங்கள் முட்டாள் இல்லை. நேசன் ம.இ.கா.வில் எந்தப் பக்கம் என்று கோப்பிக் கடையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் படித்தார்கள், மரண அறிவித்தலுக்கும் சினிமாவுக்கும்.

ஓய்வுபெற்ற_கிராணி

இரண்டு பேரும் முதலாளியைச் சுற்றியே வருகிறீர்கள். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து உள்ளே வைத்தபோது ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் மூன்று பத்திரிகைகளுக்கும் பெர்மிட் போனது. ஸ்டார் யாருடையது? அரசாங்கத்திலேயே இருந்த ம.சீ.ச.வுடையது! நாட்டின் முதல் பிரதமர் துங்கு அதன் தலைவராக இருந்தவர், பத்தியும் எழுதியவர். அதுவே அடுத்த மார்ச் வரை மூடிக் கிடந்தது. திரும்பி வந்தபோது துங்குவின் பத்தி வரவில்லை.

1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். வருஷக் கடைசியில் அமைச்சின் கடிதத்துக்குக் காத்திருக்கிற ஆசிரியர் எப்படி எழுதுவார்? எழுதுவதற்கு முன்னாலேயே அவர் கை தானாக அடித்துவிடும். வருடாந்தரப் புதுப்பிப்பை 2012-இல்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகும், 2015-இல் 1எம்டிபி என்ற அரசு நிதியின் ஊழல் விவகாரத்தை எழுதிய எட்ஜ் பத்திரிகைகளை மூன்று மாதம் நிறுத்தச் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் போய்த்தான் அதை ரத்து செய்ய முடிந்தது.

எனவே முதலாளியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கனவு காண வேண்டாம்.

லயத்துக்காரன்

கிராணி ஐயா, பெர்மிட் பயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று பெர்மிட்டை யாரும் பிடுங்கத் தேவையே இல்லாத நிலை வந்துவிட்டதே. 2019-இல் சையத் மொக்தார் அல்புகாரியோடு தொடர்புடைய நிறுவனம் மீடியா பிரிமாவின் மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. அவர் பக்கம்தான் செம்பனை போடும் ட்ரேட்விண்ட்ஸ், அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ். இறக்குமதியில் பெர்னாசுக்கு 2031 வரை தனி உரிமை.

செய்தியில் அவர் கை வைத்தார் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதற்கு ஆதாரம் கிடையாது. அரிசி விலை ஏறும்போதும் செம்பனைத் தோட்டச் சம்பளம் பற்றிப் பேசும்போதும் அந்தச் செய்தி அறையில் ஒரு நிருபர் இருமுறை யோசிப்பாரா மாட்டாரா என்று மட்டும் கேட்கிறேன்.

பால்வெட்டுப்பேரன்

அப்படிப் பார்த்தால் மலேசியாகினி இணையச் செய்தித் தளத்திலும் அமெரிக்க முதலீட்டு நிதி ஒன்றின் பணம் இருந்தது. அதை நம்பலாமா? யாரிடம்தான் பணம் வாங்காமல் நடத்துவது? அதனால்தான் சொல்கிறேன், போனே போதும். நான் எடுக்கிறேன், நான் போடுகிறேன், எனக்கு முதலாளி இல்லை.

சிப்புட்_டீச்சர்

உனக்கு முதலாளி இல்லையா தம்பி? உன் வீடியோவை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று முடிவு செய்வது யார்? 2022 பொதுத் தேர்தல் முடிந்த கையோடு டிக்டாக்கில் மே 13 (1969 இனக்கலவரம்) மிரட்டல் வீடியோக்கள் ஓடின, போலீசே எச்சரிக்கை விடும் அளவுக்கு. அதற்கு எந்த ஆசிரியரிடம் போய் நியாயம் கேட்பாய்?

நம்ம பக்கத்துக் கதையையே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பெற்றோர் குழுவில் ஒரு குரல் பதிவு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. "நம்பிக்கையான வட்டாரம் சொல்கிறது, தமிழ்ப்பள்ளியை மூடி வேறு பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள், பிள்ளைகளின் பெயரை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்." திங்கள் காலை கேட் முன்னால் பெற்றோர் கூட்டம். ஒரு பாட்டி பேரனின் பிறப்புப் பத்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். தலைமையாசிரியர் படித்துக் காட்டிய கடிதத்தில் இருந்தது என்ன? ஒரு கட்டடத்துக்கு மராமத்து, அது முடியும் வரை இரண்டு வகுப்புகள் மண்டபத்துக்கு மாறும். அவ்வளவுதான். குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

நேசனைத் திட்டுவோம் சரி. திட்டுவதற்காவது அதற்கு ஒரு பெயர், ஒரு விலாசம் இருந்தது. 1924-இல் தொடங்கியது 2019-இல் நின்றது. யாராவது அழுதோமா?

பால்வெட்டுப்பேரன்

டீச்சர், அந்தப் பதிவு பொய் என்று எட்டு மணிக்குள் தெரிந்ததும் அதே வாட்ஸ்அப்பில்தானே? பேப்பரில் வந்திருந்தால் மறுப்பு வர ஒரு வாரம் ஆகியிருக்கும், வந்தால்.

ஓய்வுபெற்ற_கிராணி

எட்டு மணிக்கு எப்படித் தெரிந்தது? தலைமையாசிரியர் கடிதத்தைப் படித்துக் காட்டினார், அதனால். வாட்ஸ்அப் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. மலேசியாகினிக்கு 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. அவர்கள் எழுதியதற்காக அல்ல, வாசகர்கள் பின்னூட்டத்தில் நீதித்துறையைப் பற்றி எழுதியதற்காக. (இங்கே கை துறுதுறுக்கிறவர்கள் கவனிக்கவும்.) வாசகர்கள் சில மணி நேரத்தில் அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேரன் கேட்டாரே, யாரிடம்தான் பணம் வாங்காமல் நடத்துவது என்று. இப்படியும் வாங்கலாம்.

லயத்துக்காரன்

கோலாலம்பூரில் சேரும் ஐயா. நம்மவர்கள் கோயில் உபயத்துக்குக் கொடுப்பார்கள், நிருபர் சம்பளத்துக்கு யார் கொடுப்பார்?

சிப்புட்_டீச்சர்

நிருபரே வேண்டாம் அண்ணே, முதலில் ஓர் ஆள் போதும். லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார்களே, அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? மூன்று மாதமாகப் பத்து வீடியோ வந்தாயிற்று, ஒன்றிலும் அது இல்லை.

பால்வெட்டுப்பேரன்

அது எங்கே கிடைக்கும்?

சிப்புட்_டீச்சர்

குவாலா கங்சார் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிக் கேட்டால் கிடைக்கும். லாட் எண் கிராணி ஐயாவிடம் இருக்கிறது.

பால்வெட்டுப்பேரன்

திங்கள் எனக்கு ஓஃப். ஐயா, எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆனால் போய்விட்டு வந்து டிக்டாக்கில்தான் போடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.