மறு: குவாண்டைஸ் – ‘சீராக்கல்’ வேண்டாமே

ஐயா, வணக்கம். பீட் (ராப் பாட்டுக்கான தாள இசை) போடுவதில் வரும் ‘குவாண்டைஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும்போது நீங்கள் எழுதியது:

> குவாண்டைஸ் = சீராக்கல். எளிய சொல், யாப்பிலும் சீர் உண்டு. இதையே வைத்துக்கொள்வோம்.

எளிதுதான், ஆனால் பீட் கலைஞர் ஜே டில்லாவிடம் வரும்போது இடிக்கிறது. தாராவியில் பீட் போடும் பையன்களுக்காக நான் எழுதும் கையேட்டில் மூன்றாம் பாடமே அவர்தான். டெட்ராய்ட்காரர், 1974இல் பிறந்தவர். ஸ்லம் வில்லேஜ் என்ற ராப் குழுவில் இருந்தவர். ஃபார்சைட், டி லா சோல், காமன் என்று ராப் பாடும் பலருக்கும் பீட் போட்டுக் கொடுத்தவர். அவருடைய ‘டோனட்ஸ்’ ஆல்பம் வெளியானது 2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆம் பிறந்தநாள். மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய அகாய் எம்பிசி 3000 என்ற பீட் மெஷின் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மெஷினின் பேட் பொத்தானைத் தட்டும்போது விரல் முந்தினாலும் பிந்தினாலும், அதுவே அடியைப் பக்கத்துத் தாளக் கட்டத்துக்கு இழுத்துவிடும். அதுதான் குவாண்டைஸ். டில்லா வேண்டுமென்றே இதிலிருந்து விலகினார். டிரம்ஸில் ஹை-ஹாட் என்ற தட்டு நேராகப் போகும், ஸ்னேர் என்ற சிறு முரசு நூலளவு முந்தும், கிக் என்ற பெரு முரசு தடுமாறும். குவாண்டைஸ் ‘சீராக்கல்’ என்றால் இவர் செய்தது என்ன? சீரற்றது, இன்னும் ஒரு படி போனால் சீர்கெட்டது! பையன்கள் அதைத் தப்பு என்றே படிப்பார்கள்.

என் பரிந்துரை: கட்டப்பொருத்தம். விலகலுக்கும் ஒரு பெயர் வேண்டும். மிருதங்கக்காரர் ஒருவர் ‘அனாகதம்’ என்கிறார்.

*

தம்பி,

கட்டப்பொருத்தம் என்றதும் வீட்டில் யாருக்கு ஜாதகம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். மும்பை மாட்டுங்காவில் அந்தச் சொல் வேறு எதற்கும் செல்லாது. சீராக்கலை நானும் விட்டுவிடுகிறேன். ‘கட்டமேற்றல்’ எப்படி? ‘இந்தக் கிக்கைக் கட்டமேற்றாதே’ என்று வினையாகவும் வரும்.

அனாகதம் ஒத்துவராது. பாட்டு தாளத்தில் எங்கே எடுக்கிறது என்பதைச் சொல்வது அது. அரை அடி தள்ளி எடுத்தாலும் அந்த இடம் கணக்குக்குள் இருக்கிறது. டில்லாவின் அடி கணக்கின் இடுக்கில் நழுவுகிறது. சதுஸ்ர நடை (நாலு நாலாக), திஸ்ர நடை (மூன்று மூன்றாக) என்று தாளத்தில் ‘நடை’ ஏற்கெனவே இருக்கிறதே, ‘தளர்நடை’ என்று வைத்தால் என்ன? கண்ணன் குழந்தையாய் நடப்பதற்குப் பெரியாழ்வார் வைத்த சொல். விழப்போவது போலிருக்கும், விழாது.

*

ஐயா,

தளர்நடையை எடுத்துக்கொண்டேன். நேற்று சொல்லிப் பார்த்தேன். ‘குடிச்சவன் நடையா அண்ணே?’ என்றான் ஒருவன். குழந்தை நடைடா என்றேன். சரி என்று ஹை-ஹாட்டை மட்டும் கட்டமேற்றிவிட்டு, கிக்கைக் கையால் தட்டினான்.

அப்புறம், ஸ்விங் பாக்கி. அது தளர்நடை இல்லை. ஒன்றுவிட்டு ஒரு அடியை மெஷினே அளந்து பிந்தவைப்பது. எம்பிசியில் 50 சதவீதம் என்றால் நேர், 66ஐத் தொட்டால் திஸ்ரம் மாதிரி. தயவுசெய்து யாரும் ‘ஊசல்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எனக்கு ஊசிப்போன சாம்பார்தான் நினைவுக்கு வருகிறது.